பல்லைப் பிடுங்கப் பதறாத ஹகீம் அபுல்காசிம் ஜஹ்ராவி

நம் வியாபாரிகளில் அநேகருக்குப் பல்வலி வந்தால் இரண்டே வழிதான் தெரியும். ஒன்று, கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்துச் சொத்தையில் வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்துவிடுவது. மற்றொன்று, பொறுக்க முடியாமற்போன அன்று டாக்டரிடம் ஓடி, பிடுங்கிவிடுங்கள் என்று வாயைத் திறந்துவிடுவது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. பல்லின் உள்ளே கெட்டுப்போன நரம்பையும் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, பல்லை அதன் இடத்திலேயே இருத்திவைக்கும் வேர் சிகிச்சை அது. ரூட் கெனால் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். சில சமயம் இரண்டு மூன்று தடவை போகவேண்டியிருக்கும், பிடுங்குவதைவிடச் செலவும் கூட என்பதால் நம்மவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கலாகாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அழுத்தமாக எழுதிவைத்துப்போன ஒரு ஹகீமின் சரித்திரம், கிடைத்த மட்டில், இங்கே எழுதப்படுகிறது.

அன்னாருடைய பெயர் அபுல்காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அல்ஜஹ்ராவி. அன்சாரி என்ற பெயரும் சேர்ந்து வழங்குவதால், மதீனத்து அன்சாரிகளின் வழிவந்த குடும்பம் என்று சரித்திரக்காரர்கள் கொள்ளுகிறார்கள். ஐரோப்பியர் வாயில் இந்தப் பெயர் அல்புகாசிஸ் என்று திரிந்துபோயிற்று. ஸ்பெயின் தேசத்தில் குர்துபா நகருக்கு மேற்கே சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தில் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் மதீனத்துஜ் ஜஹ்ரா என்ற அரண்மனைப் பட்டணத்தைக் கட்டத் தொடங்கினார். அந்தப் பட்டணத்தின் பேரால்தான் நம் ஹகீமுக்கு ஜஹ்ராவி என்ற பெயர். பட்டணத்துக்கு அஸ்திவாரம் போட்ட வருஷம் 936 என்பார்கள். ஹகீம் பிறந்ததும் அதையொட்டியே என்பார்கள்.

அவர் வாலிபராயிருந்த காலத்தில் குர்துபா செழித்திருந்தது. 961 முதல் 976 வரை ஆண்ட கலீஃபா இரண்டாம் ஹகம், கிதாபுகளைச் சேர்ப்பதில் மோகம் கொண்டவர். ஆள் அனுப்பிக் கிழக்கு நாடுகளிலிருந்தெல்லாம் ஏடுகளை வாங்கிவரச் செய்தவர். கிரேக்க வைத்தியர் காலினுடைய நூல்கள், பக்தாதிலும் ரய்யிலும் எழுதப்பட்ட வைத்திய நூல்கள் எல்லாம் குர்துபாவில் படிக்கக் கிடைத்தன. நம் ஹகீம் அவற்றில் ஊறியவர் என்பது அவருடைய எழுத்திலேயே தெரிகிறது. மற்றப்படி அவர் யாரிடம் ஓதினார், எத்தனை மக்களைப் பெற்றார் என்ற குடும்ப விருத்தாந்தம் நமக்கு வந்துசேரவில்லை. குர்துபாவில் பிறந்த இமாம் இப்னு ஹஸ்ம், ஸ்பெயினின் சிறப்புகளைச் சொல்லும்போது இவருடைய கிதாபைப் புகழ்ந்திருக்கிறார். அதன் பின் அல்ஹுமைதி என்பவர் சில வரிகளில் இவரைக் குறித்துவைத்தார். ஆகவே இவருடைய ஜீவியத்தை அறிய வேண்டுமானால் இவருடைய கிதாபையே திறக்க வேண்டும். நல்ல வேளையாக, தாம் கண்டதையும் செய்ததையும் அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

கிதாபின் பெயர் நீளமானது. சுருக்கமாக அத்தஸ்ரீஃப் என்று சொல்வார்கள். தாமே நூல்களைத் தேடித் தொகுத்துக்கொள்ள இயலாதவருக்காகத் தொகுத்தது என்பது அந்த நீண்ட பெயரின் கருத்து. பெரிய நகரத்துக் குதுப்கானாவுக்குப் போக வசதியில்லாத வைத்தியன், இந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே நோயாளியைப் பார்க்கலாம். முன்பெல்லாம் கடைகளில் பெருக்கல் பார்க்கத் தெரியாத பையனுக்கு விலைக்கணக்குப் புத்தகம் ஒன்றை முதலாளிமார் எடுத்துக் கொடுப்பார்களே, அதுபோல. 30 பாகங்கள் கொண்ட இந்தக் கிரந்தம் ஏறக்குறைய 1000ஆம் வருஷத்தில் முடிந்தது. மருந்து, பத்தியம், சூரணம், களிம்பு என்று போய், முப்பதாவது பாகம் முழுவதும் கத்தி பிடிக்கும் ரண வைத்தியத்துக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஏறத்தாழ 200 ஆயுதங்களின் படங்கள் உண்டு. ஆயுதத்தின் பெயரை மட்டும் சொல்லாமல், கொல்லனிடம் காட்டிச் செய்துவாங்கும்படியாக உருவத்தையும் வரைந்துகொடுத்தார்.

இந்தப் பாகத்தை ஏன் எழுதினார் என்பதையும் அவரே சொல்லுகிறார். தம் நாட்டில் ரண வைத்தியம் கைதேர்ந்தவர் இல்லாமல் அழிந்துவருகிறது, உடலின் உள்ளமைப்பைப் படிக்காமலே கத்தியெடுக்கிறார்கள், அதனால் ஜனங்கள் சாகிறார்கள் என்பது அவருடைய வருத்தம். ஒரு வைத்தியர் கிழவர் ஒருவருக்குக் கல்லெடுக்கப்போய், மூத்திரப்பையிலேயே ஒரு துண்டைச் சேர்த்து எடுத்துவிட, மூன்றே நாளில் அந்த மனிதர் மௌத்தான கதையைச் சொல்லுகிறார். தொழிலைக் கற்கும் மாணாக்கர்களை மக்களே என்று விளித்து, தெரியாததில் கைவைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லுகிறார். அதே சமயம் அவர் கை துணிந்த கையும்கூட. கத்தியால் தன் குரல்வளையையே அறுத்துக்கொண்ட ஓர் அடிமைப் பெண்ணிடம் அவரை அழைத்துப்போனார்கள். மூச்சு காயத்தின் வழியே போய்வந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தைத்துவிட்டார். கொஞ்சம் குரல் கம்மியதைத் தவிர வேறு குறையில்லாமல் அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

இனிப் பல்லின் விஷயத்துக்கு வருவோம். பற்களில் படிந்து கறுப்பும் மஞ்சளும் பச்சையுமாக இறுகிப்போகும் காரையைச் சுரண்டி எடுப்பதற்கு மட்டும் 14 விதமான சுரண்டிகளைப் படம்போட்டு வைத்தார். நோயாளியை எதிரே உட்காரவைத்து, தலையைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டு, காரை கொஞ்சமும் மிஞ்சாமல் சுரண்ட வேண்டும். ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் செய்ய வேண்டும் என்பது அவர் முறை. உட்புறத்துக்கு ஒரு சுரண்டி, வெளிப்புறத்துக்கு வேறு, பற்களின் இடுக்குக்கு வேறு. காரையை விட்டுவைத்தால் ஈறு கெட்டுப்போகும் என்று காரணமும் சொன்னார். வெற்றிலை போடும் நம் பெரியவர்கள் வாயை அவர் பார்த்திருந்தால் பதினைந்தாவது சுரண்டியும் செய்திருப்பார்.

பல்வலிக்கு அவர் செய்த வைத்தியம் இரண்டு வகை. முதல் வகையில் நெய்யைக் கொதிக்கக் காய்ச்சி, சலாகையின் நுனியில் பஞ்சைச் சுற்றி, அதில் தோய்த்து வலிக்கிற பல்லின் மேல் வைப்பார். அது ஆறியதும் மீண்டும் தோய்த்து வைப்பார். சூட்டின் வேகம் பல்லின் வேர்வரை இறங்கும்வரை பல தடவை இப்படி. இரண்டாவது வகை இன்னும் கடினமானது. செம்பினாலோ இரும்பினாலோ ஒரு குழாய் செய்து அதை வலிக்கிற பல்லின் மேல் பொருத்துவார். குழாயின் சுவர் கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடு வாயைச் சுட்டுவிடும். பிறகு நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கருவியைக் குழாயின் வழியே விட்டுப் பல்லின் மேல் பதித்து, ஆறும்வரை பிடித்திருப்பார். இதையும் பலமுறை செய்துவிட்டு, நோயாளி வாய் நிறைய நல்ல வெண்ணெயை வைத்திருந்து சற்று நேரம் கழித்துத் துப்ப வேண்டும் என்பார்.

இதைப் படிக்கும்போதே நமக்குப் பல் கூசுகிறது. ஆனால் காரியத்தைக் கவனிக்க வேண்டும். பல் வெளியே கல்லைப்போல் இருந்தாலும் அதன் நடுவே பொந்து இருக்கிறது. அந்தப் பொந்தில் நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய சதை வேரின் நுனிவரை ஓடுகிறது. சொத்தை அங்கே எட்டினால் சதை வீங்குகிறது. சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால் வீங்க இடமில்லாமல் உயிர்போகிற வலி எடுக்கிறது. சூட்டுக்கோல் அந்த நரம்பைப் பொசுக்கிவிட்டால் வலி நின்றுபோகும். ஹகீமுடைய நோயாளிகளுக்குக் கிடைத்த சுகம் இவ்வழியாகத்தான் இருக்க வேண்டும். ஆர்வத்தினால், ரூட் கெனாலைக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்று நம்மில் சிலர் சொல்லிவிடக்கூடும். அது சரியல்ல, அவருக்கு அந்தப் பொய்ப் பெருமை தேவையுமில்லை. செத்த சதை உள்ளேயே கிடந்தால் அழுகி, வேரின் நுனியில் சீழ்பிடித்து, தாடை எலும்பையே தின்னும். உள்ளே புகுந்து அதை வழித்தெடுக்க அன்று மெல்லிய அரமும் இல்லை, வேரின் நீளத்தைக் காட்டும் எக்ஸ்ரேயும் இல்லை. ரண்ட்கன் அதைக் கண்டது 1895இல்தான். அவர் செய்தது நெருப்பைக் கொண்டு வலியை அடக்கியது. கிருமியைப் பற்றி அந்தக் காலத்தில் உலகத்தில் ஒருவரும் அறியார். இன்று யாரும் இதை வீட்டில் செய்து பார்க்கலாகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அவருடைய உண்மையான பெருமை வேறிடத்தில் இருக்கிறது. பல் பிடுங்கும் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே அவர் சொல்லுவது, எல்லா உபாயங்களையும் செய்து பார்த்துவிட்டு, வேறு கதியில்லை என்றால்தான் பிடுங்க வேண்டும் என்பது. பல் உயர்ந்த பொருள், போனால் அதற்கு ஈடு கிடையாது என்பது அவர் கருத்து. அடுத்தபடியாக, எந்தப் பல் வலிக்கிறது என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளும்படி எச்சரிக்கிறார். வலி ஆளை ஏமாற்றும். நோயாளி நல்ல பல்லைக் காட்டி இதுதான் என்று சாதிப்பான். அதைப் பிடுங்கிய பிறகும் வலி நிற்காது. கெட்ட பல்லையும் பிடுங்கினால்தான் நிற்கும். இரத்தம் குத்தி எடுக்கும் ஹஜ்ஜாம்கள் இப்படிச் செய்ததைத் தாமே கண்டதாக எழுதுகிறார். இன்றைய பல் டாக்டர் பல்லைத் தட்டிப் பார்ப்பதும், குளிர்ச்சியை வைத்துப் பார்ப்பதும், படம் எடுப்பதும் இந்த ஏமாற்றத்துக்கு அஞ்சித்தான். மேல்தாடைப் பல்லின் வலி கீழ்த்தாடையில் தெரிவதும், காதில் தெரிவதும் சாதாரணம். ஆகையால் டாக்டர் உடனே குறடை எடுக்காமல் இத்தனை கேள்வி கேட்கிறாரே என்று நாம் அலுத்துக்கொள்வது நியாயமல்ல.

பிடுங்கியே ஆகவேண்டும் என்றானபோது அவர் செய்த விதத்திலும் அந்த நிதானம் இருந்தது. முதலில் பல்லைச் சுற்றியுள்ள ஈறைக் கத்தியால் விடுவிக்க வேண்டும். பிறகு விரலாலோ மெல்லிய குறடாலோ கொஞ்சங்கொஞ்சமாக அசைத்துக்கொடுக்க வேண்டும். நோயாளியின் தலை அசையாதபடி முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, பெரிய குறடால் நேராக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் பல் உடையும். பிடுங்கியபின் காடியும் உப்பும் கலந்து கொப்பளிக்க வேண்டும். அறியாத ஹஜ்ஜாம்கள் அவசரத்தில் பல்லை உடைத்து வேரை உள்ளே விட்டுவிடுகிறார்கள், சிலசமயம் தாடை எலும்பின் சில்லோடு பெயர்த்துவிடுகிறார்கள் என்று கோபமாகவே எழுதுகிறார். அப்படி வேர் தங்கிப்போனவர்களும் இவரிடம் வந்திருக்கிறார்கள்போலும். அவர்களுக்காகத் தனி அத்தியாயமே வைத்து, வெண்ணெய் தோய்த்த பஞ்சை ஓரிரு நாள் வைத்து இடத்தை இளக்கி, நாரையின் அலகைப் போன்ற குறடால் வேரை எடுக்கும் வழியைச் சொல்லியிருக்கிறார். அதற்கும் வராத வேருக்கு நெம்புகோல்கள்.

சொத்தை குடைந்து பல் கூடாகிப்போயிருந்தால் குறடு பட்டதும் நொறுங்கிவிடும் அல்லவா? அதற்கு அவர் கண்ட உபாயம், முதலில் அந்தக் குழியில் துணியைத் திணித்து, சலாகையின் நுனியால் இறுக்கமாக அடைத்துக்கொண்டு, பிறகு குறடை வைப்பது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வேறொரு சரக்கு நினைவுக்கு வந்தது. ஹகீம் குழியை அடைத்தது பல் உடையாமல் வெளியே வருவதற்காக. இன்று டாக்டர் வேரின் பொந்தை அடைப்பது பல் வெளியே வராமல் நிலைப்பதற்காக. அவர் முதலில் ஊசி போட்டு இடத்தை மரக்கச் செய்கிறார். பல்லின் மேலே துவாரமிட்டு, ஊசிபோன்ற அரங்களால் வேரின் கால்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, மருந்துநீரால் கழுவி உலர்த்துகிறார். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேரும் மூன்று கால்களும் இருக்கும். சுத்தமான பின் அந்தக் கால்களில் அவர் அடைக்கிற பொருளுக்குக் கட்டாபெர்ச்சா என்று பெயர். அது வேறொன்றுமல்ல, மலாய்க்காரர் கெத்தா பெர்ச்சா என்று சொல்லும் நம் மலாயா காட்டு மரத்தின் பால்தான், துத்தநாகச் சுண்ணம் முதலியன கலந்தது.

காட்டு மரப்பால் பல் டாக்டரின் மேஜைக்குப் போன கதையும் நம் துறைமுகத்திலிருந்தே தொடங்கியது. பாராங்கத்தியின் பிடி இந்தப் பாலில் செய்யப்பட்டிருப்பதைக் கண்டு வியந்து, சிங்கப்பூரிலிருந்த கம்பெனி வைத்தியர் மான்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும் குணமுடையது. கடலடித் தந்திக்கம்பிக்கு உறையாக இதுதான் போயிற்று. அதன் கிராக்கியில் சிங்கப்பூர் பெரிய சந்தையாயிற்று. மரங்களை அடியோடு வெட்டிப் பால் எடுத்ததால் சில ஆண்டுகளுக்குள் இந்தத் தீவில் அந்த மரம் அருகிப்போயிற்று. பல்லின் வேரை இதனால் அடைக்கும் முறையை 1867இல் அமெரிக்காவில் பௌமன் என்ற வைத்தியர் கொண்டுவந்தார். கடலடிக் கம்பிக்கு இன்று வேறு உறைகள் வந்துவிட்டன. பல்லுக்கு மட்டும் இதுவே நின்று நிலைத்துவிட்டது. நம்மவர் வேர் சிகிச்சை செய்துகொண்டால், பக்கத்துக் காட்டு மரத்தின் பால்தான் வாய்க்குள் இருக்கிறது.

மீண்டும் ஹகீமிடம் போவோம். அடிபட்டு ஆடுகிற பற்களை அவர் பிடுங்கச் சொல்லவில்லை. இருபுறமும் உள்ள உறுதியான பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் பின்னிக் கட்டச் சொன்னார். கம்பி தங்கமாக இருப்பதே நல்லது, வெள்ளி சில நாளில் களிம்பேறிக் கெட்டுவிடும், தங்கம் மாறாது என்று காரணமும் காட்டினார். முடிச்சின் நுனி நாக்கில் குத்தாதபடி பற்களின் இடுக்கில் மடக்கிவைக்க வேண்டும் என்ற சின்ன விஷயத்தைக்கூட விடவில்லை. விழுந்துவிட்ட பல்லையே திரும்ப அதன் இடத்தில் வைத்துக் கட்டலாம் என்றும், அது இல்லாவிட்டால் மாட்டெலும்பில் பல் செதுக்கி வைத்துக் கட்டலாம் என்றும், ஆனால் இது கைத்திறமுள்ளவனால்தான் ஆகும் என்றும் எழுதினார். ஆணுக்குத் தங்கம் கூடுமா என்ற கேள்வி நம்மவர்க்கு எழும். யுத்தத்தில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்ற ஸஹாபிக்கு வெள்ளி மூக்கு ஒத்துக்கொள்ளாமற்போகவே, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்க மூக்குக்கு அனுமதியளித்ததை ஆதாரமாகக்கொண்டு, ஷாஃபிஈ மத்ஹபில் பல்லுக்குத் தங்கம் கூடும் என்றார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பல் கட்ட வெள்ளியோடு நிறுத்திக்கொள்ள, அவர்களுடைய மாணாக்கர் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள் தங்கத்தையும் அனுமதித்தார்கள்.

இன்னொரு சம்பவத்தையும் இங்கே விடக்கூடாது. ஒரு கிராமத்தைப் பற்றி ஹகீம் எழுதுகிறார். அங்குள்ள ஆண்களுக்குச் சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்காமல் ஓடி உயிர்போய்விடுமாம். அவ்வூர்ப் பையன் ஒருவன் கையால் ஈறைத் தேய்த்ததில் இரத்தம் கசியத் தொடங்கி, நிற்காமலே இறந்துபோனான் என்றும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இப்படிப்பட்டதைத் தாம் எந்த நூலிலும் படித்ததில்லை, காரணம் தெரியவில்லை என்று ஒளிக்காமல் எழுதிவிட்டு, இரத்தம் வரும் இடத்தைச் சுட்டு அடைப்பதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை என்கிறார். குடும்ப வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வரும் இரத்தம் உறையாத நோய் இது என்று பிற்காலத்து வைத்தியர்கள் அறிந்துகொண்டார்கள். பல்லில் கைவைக்குமுன் டாக்டர் இரத்தம் சம்பந்தமாக விசாரிப்பதற்கும், இரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதற்கும் இதுபோன்ற காரணம் உண்டு. இருதய வைத்தியம் செய்துகொண்ட நம் பெரியவர்கள் இதைக் கேட்காமலே சொல்லிவிடுவது நலம்.

ஹகீமின் கடைசிக் காலம் துன்பமான காலம். கலீஃபாக்களின் ஆட்சி குலைந்து உள்நாட்டுக் கலகம் மூண்டது. 1010ஐ ஒட்டிய வருஷங்களில் மதீனத்துஜ் ஜஹ்ரா சூறையாடப்பட்டது. பளிங்குத் தூண்களையும் கற்களையும் பிற்காலத்தார் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அவர் வயதொத்த பட்டணம் கண்ணெதிரே அழிந்தது. ஹிஜ்ரி 400க்குப் பிறகு அவர் வபாத்தானதாக ஹுமைதி எழுதினார்; பொதுவாக 1013 என்று சொல்லுகிறார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன். அந்தப் பட்டணத்தை 1911 முதல் தோண்டியெடுத்து வருகிறார்கள். 2018இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடங்களில் சேர்த்தது.

பட்டணம் போனாலும் கிதாப் போகவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலா என்ற டொலிடோ நகரில் கிரிமோனா ஊர் ஜெரார்டு என்பவர் ரண வைத்தியப் பாகத்தை லத்தீனில் எழுதினார். பிரான்சிலே 1363இல் தம் பெரிய நூலை முடித்த கீ தெ ஷொலியாக் என்ற வைத்தியர் இவரை மிகப் பல இடங்களில் ஆதாரம் காட்டினார். 1465இல் துருக்கியில் அமாசியா நகரத்து ஷரபுத்தீன் சாபுன்ஜுஒக்லு, இதைத் தழுவித் துருக்கி மொழியில் எழுதி, வைத்தியரும் நோயாளியும் அமர்ந்திருக்கும் வர்ணப் படங்களையும் சேர்த்தார். 1497இல் வெனிசில் லத்தீன் பதிப்பு அச்சேறிற்று. 1778இல் ஆக்ஸ்போர்டில் அரபியும் லத்தீனும் சேர்ந்து வந்தது. ஆங்கிலத்தில் முழுப் பாகமும் வர 1973 ஆயிற்று. அந்தப் பதிப்பில் அரபி மூலமும் கூடவே அச்சாகியிருக்கிறது. மதரஸாவில் ஓதியவர்கள் மூலத்தையே படிக்கலாம். சுரண்டி முதல் தங்கக் கம்பிவரை பல் பற்றிய அத்தியாயங்கள் இரண்டாம் பகுதியில் 29 தொடங்கி 33 வரை வருகின்றன. பல்லுக்குச் சூடு போடுவது முதற்பகுதியில் இருக்கிறது.